நெற்றியில் தெரிந்த பச்சை வெளிச்சம்

படித்தவர்கள் வரிசையில் நிற்கும் அழகைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வாரத்தின் முதல் நாள் காலையில் போனால் இன்னும் விசேஷம். மாடிப்படிக்கு அடியில், ஒரு காலத்தில் உடைந்த தராசுகளைப் போட்டு வைத்திருந்த அறை. அதன் வாசலில் தொடங்கும் வரிசை வாகன நிறுத்தம் வரைக்கும் நீளும். நிற்பவர்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெயருக்கு முன்னால் முனைவர், பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் பட்டம். ஆற்றுச் சேற்றை அலசியவர், மின்கலத்தைக் குடைந்தவர், எலிக்கு நினைவாற்றல் வளர்த்தவர். அந்த எலிகூட அப்படி ஓர் இடத்தில் போய் நிற்காது. ஒருமுறை சூடு பட்டால் அடுத்த முறை வேறு பாதையில் ஓடிவிடும்.

எல்லார் கையிலும் சுடச்சுட அச்செடுத்த ஆய்வுக் கட்டுரை. கழுத்தில் ஒரு கறுப்புத் துணிப்பை. முகத்தில், பல் பிடுங்கப் போகிறவர்களின் பயம்.

உள்ளே நெற்றியார் உட்கார்ந்திருப்பார். அவருடைய நிஜப்பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, கேட்கவும் தோன்றவில்லை. கட்டுரையை வாங்குவார். பிரிக்க மாட்டார், படிக்க மாட்டார். படித்தாலும் புரியாது என்பது வேறு விஷயம். கண்ணை மூடிக் காகிதக் கட்டை நெற்றியில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வாய் திறப்பார். இந்தக் கட்டுரையை இதழ் ஏற்குமா தள்ளுமா, சோதனை பலிக்குமா பலிக்காதா, எந்தப் பகைவன் குறுக்கே நிற்கிறான், எல்லாம் நெற்றி வழியாக வந்து வாய் வழியாக வெளியேறும். மூளை வழியில் எங்கும் குறுக்கிடாது.

இவர் வானத்திலிருந்து குதித்து வந்தவர் இல்லை. பல வருடங்கள் இதே கட்டடத்துக்குக் கண்ணாடிக் குடுவையும் ரப்பர் குழாயும் விற்க வந்தவர்தான். ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கியவர். குடுவையில் கிடைக்காத லாபம் நெற்றியில் கிடைக்கும் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அந்த நிலையத்தில் அந்த ஆண்டு நடந்த ஒரே உருப்படியான கண்டுபிடிப்பு அதுதான்.

அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. முதலாவது, ஆய்வுத் தரவு அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. பட்டால் அதன் உயிர் போய்விடும். அதனால் தரவைச் சேமித்து வைத்திருக்கும் பென் டிரைவை அவரிடம் வாங்கிய கறுப்புப் பையில் போட்டு நெஞ்சோடு ஒட்ட வைத்திருக்க வேண்டும். பையின் விலையைக் கேட்டால் நெஞ்சு அதன் பிறகும் ஒழுங்காக அடிக்குமா என்பது சந்தேகம். இரண்டாவது, நெற்றியார் சொன்ன வாக்கைக் கட்டுரை வெளிவரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. விட்டால் வாக்கு முறிந்துவிடும்.

நெற்றியார் அநேகமாக எல்லாருக்கும் "பலிக்கும்" என்றுதான் சொன்னார். பலித்தவர் இனிப்புப் பெட்டியோடு ஓடி வந்தார். நெற்றியாரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் வெற்றிச் சுவரில் ஏறியது. பலிக்காதவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "யார்கிட்ட சொன்னீங்க?" என்று நெற்றியார் கனிவாகக் கேட்பார். வந்தவர் யோசிப்பார். வீட்டில் மனைவியிடம் லேசாகச் சொன்னது ஞாபகம் வரும். மனைவி இல்லாதவருக்கு அம்மாவிடம் சொன்னது ஞாபகம் வரும். தப்பு தன்னுடையதுதான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு இரட்டைத் துணி போட்ட புதுப் பை வாங்கிக்கொண்டு போவார். தோற்றவர்களுக்குச் சுவரில் படம் இல்லை. தோற்றதை வெளியே சொல்லிக்கொள்ளும் வழக்கமும் ஆராய்ச்சியாளர்களிடம் கிடையாது. அந்த ஒரு வழக்கத்தை முதலாக வைத்துத்தான் அவர் கடையே நடந்தது.

இயக்குநர்தான் முதல் பக்தர். மாடிப்படி அறைக்குக் குளிர்சாதனம் போட்டுக் கொடுத்தவர் அவரே. அது போதாதென்று கட்டடத்தையே நெற்றியாரின் நிபந்தனைக்கு ஏற்றபடி மாற்றினார். ஆய்வகக் கதவுகளின் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது. கரும்பலகையில் எழுதியதை அறையை விட்டு வெளியேறும்போது அழித்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தேநீர் அறையில் வேலையைப் பற்றிப் பேச்சே எழாது. மழை வருமா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஏறுமா என்று உலகத் தலைவர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். பக்கத்து அறையில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. காளான் வளர்க்கும் அம்மாவின் வேலை மட்டும் வாசனையால் தெரிந்துபோனது. அவரைக் காளான் மேடம் என்று கூப்பிட்டு, பாவம், கண்பட்டவர் என்று ஒதுக்கி வைத்தார்கள்.

இந்தக் கட்டடத்தின் மாடி மூலையில் ஓர் அறை. அதில் வேலை பார்த்தவரை எல்லாரும் மூலை மேடம் என்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடைப் பிரித்தெடுப்பதுதான் அவர் வேலை. அது பல்லைக் காவியாக்கும், எலும்பைக் கோணலாக்கும். மேடத்தின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அந்தத் தண்ணீர்தான் குடிக்கக் கிடைப்பது. அக்கா மகள் பள்ளிக்கூடத்து மாடிப்படியை ஏறும்போதே முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். தானிய உமியைக் கருக்கி, கழுவி, அதன் வழியாகத் தண்ணீரை விட்டால் ஃபுளோரைடு கரியில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பெரிய மனிதர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றிருந்தது. உமி மலிவு. பலித்தால் எந்த வீட்டிலும் செய்துகொள்ளலாம். மூலை மேடம் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டார். கருக்கினார், கழுவினார், ஊற்றினார். போன ஃபுளோரைடு போனபடியே திரும்பி வந்தது.

மறுபடி கருக்கினார். மறுபடியும் அதே கதை. கோளாறு தன் கையில்தான் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். பெரிய மனிதர் எழுதியது எப்படித் தப்பாகும்? ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் முடிவைக் காட்டாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும், அந்த வேலையும் அதோடு மூடப்படும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

தண்ணீரில் விழுந்தவர் எதையும் பிடிப்பார். மூலை மேடமும் ஒரு காலை அந்த வரிசையில் நின்றார். நெற்றியார் அவருடைய அரைகுறைக் கட்டுரையை நெற்றியில் வைத்தார். "உமி தெரியுதும்மா. கறுப்பா, கருகி... உன் பக்கத்துலயே ஒரு கை இருக்கு. அது இதைத் தூக்கப் பாக்குது. யார்கிட்டயும் பேசாத" என்றார். மேடத்துக்கு உடம்பு சிலிர்த்தது. உமியைப் பற்றி இயக்குநரைத் தவிர ஒருவரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. வாசகருக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். மேடத்துக்கு விளங்கக் கொஞ்சம் நாளானது. வேலை போகிற பயத்தில் இருப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து காசு பறித்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

கண்ணைத் திறந்தது சாக்கடைக் குழாய். ஒருநாள் மத்தியானம் மேடம் கைகழுவப் போனபோது தொட்டியின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே ஏறியது. மைபோன்ற கரித்தண்ணீர். அவர் அன்றைக்குக் கரி கழுவவே இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொட்டியும் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தொட்டியும் ஒரே குழாயில்தான் போய்ச் சேரும். கதவுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய இயக்குநர் சாக்கடைக்கு ஒட்ட மறந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் மூடி மறைக்காமல் ஓடிய ஒரே அறிவியல் அந்தக் குழாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் இருந்தவருக்குப் பூட்டு சார் என்று பெயர். மேசைக்கு ஒரு பூட்டு, அலமாரிக்கு ஒன்று, குப்பைக்கூடைக்குக்கூட ஒன்று போட்டு வைத்திருப்பவர். மேடம் போய்க் கதவைத் தட்டினார். சங்கிலியைக் கழற்றாமல் கதவு ஒரு விரற்கடை திறந்தது. உங்கள் கரித்தண்ணீர் என் தொட்டிக்கு வருகிறது என்றார் மேடம். தான் கரி எதையும் கழுவவில்லை என்றார் பூட்டு சார். கதவைப் பிடித்திருந்த அவருடைய கை மணிக்கட்டு வரைக்கும் கன்னங்கரேலென்று இருந்தது.

மேடம் அந்தக் கையைப் பார்த்தார். திருட வரும் கை என்று நெற்றியார் சொன்னாரே, அது இதுதான். திருடன் கையைப் போல இல்லை; களைத்துப்போன கையாக இருந்தது.

"நானும் அதைத்தான் சார் கழுவுறேன். இவ்வளவு நாளா ஒண்ணும் வரல. உங்களுக்கு வந்துதா?"

அந்தக் கட்டடத்தில் ஒருவர் இன்னொருவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. உள்ளே சங்கிலி கழன்றது.

இருவரும் ஒரே கட்டுரையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தார்கள். ஒரே உமி, ஒரே சூடு, ஒரே தோல்வி. ஒரு செங்கல் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு முனைவர்கள் ஒரே தப்பை மாற்றி மாற்றிச் செய்துகொண்டு, ஒவ்வொருவரும் தன் கைராசியை நொந்துகொண்டிருந்தார்கள். பூட்டு சார் முக்காலியில் உட்கார்ந்து கரிக்கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்து வேலையை விட்டுப் போய்விடலாம் என்றே இருந்ததாகச் சொன்னார். அவமானமும் நிம்மதியும் ஒன்றாகச் சேர்ந்து அவர் முகத்தில் கறுப்பாக வழிந்தன.

அவர் நம்பிக்கை மட்டும் அவ்வளவு சுலபமாகக் கழுவிக்கொண்டு போகவில்லை. மூலையில் ஒரு பெண் உன் வேலையைத் திருடப் பார்க்கிறாள் என்று நெற்றியார் தன்னிடம் சொன்னதை ஒப்புக்கொண்டார். ஆனால் உமி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நெற்றியில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்றார்.

"நீங்க உமின்னு யார்கிட்ட சொன்னீங்க சார்?"

"இயக்குநர்கிட்ட மட்டும். அவர்தானே அனுமதி தரணும்."

"அவர் வாராவாரம் யார்கிட்ட போய் மனசை இறக்கி வைக்கிறார்?"

மேடம் விடவில்லை. இயக்குநர் எல்லா அறைக் கதையையும் நெற்றியாரிடம் கொட்டுகிறார். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் தன் ரகசியத்தைத் தானே கொண்டுபோய்க் கொட்டுகிறார். பக்கத்து அறைக்காரனிடம் சொன்னால் தரவு செத்துவிடும் என்று நடுங்குகிறவர்கள், குடுவை விற்றவரிடம் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் எல்லாருடைய வேலையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நாம் ஒருவரோடு ஒருவர் சும்மா பேசிக்கொண்டிருந்தாலே கிடைத்திருக்கும் செய்தியை, நெற்றியைக் காட்டி நமக்கே திருப்பி விற்கிறார். இவ்வளவையும் மேடம் மூச்சுவிடாமல் சொன்னார்.

இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பூட்டு சார் மெல்லச் சொன்னார். என்ன இருந்தாலும் அவரும் ஆராய்ச்சியாளர்தானே. நெற்றியில் தெரிவது வானத்திலிருந்து வருகிறதா, வாய்ப்பேச்சில் வருகிறதா என்று பார்க்க ஒரு பொய் போதும். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு சங்கதியை உள்ளே போட்டால் அது எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் மூலை மேடம் வரிசையில் நின்றார். உள்ளே போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரியை மூன்றாம் முறை கழுவிவிட்டு விளக்கை அணைத்தால் பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிகிறது, இது நல்லதா கெட்டதா என்று பயமாக இருக்கிறது என்றார். உமிக்கரி பச்சையாக ஒளிர்வதாவது. சமையல் செய்யத் தெரிந்த யாரும் சிரித்திருப்பார்கள். நெற்றியார் சிரிக்கவில்லை. காகிதத்தை நெற்றியில் அழுத்திக்கொண்டு, பெரிய யோகம் வருகிறது, வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே பூட்டு சார் உள்ளே போனார். கரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நெற்றியார் கண்ணை மூடினார். "பச்சையா ஒரு வெளிச்சம் தெரியுது. மூணாவது தடவை கழுவும்போது கவனமா பாருங்க" என்றார்.

அதோடு நின்றிருந்தால்கூட மனிதர் தப்பித்திருப்பார். நல்ல சரக்கு கையில் கிடைத்த வியாபாரி ஒரு வாடிக்கையாளரோடு நிறுத்துவாரா? பச்சை வெளிச்சம் கட்டடம் முழுக்கப் பரவியது. மின்கலக்காரர் அறையை இருட்டாக்கிக்கொண்டு மின்கலத்தைக் கழுவ ஆரம்பித்தார்; கழுவக் கூடாத பொருளைக் கழுவி இரண்டு மின்கலங்கள் வெடித்தன. எலிக்காரர் எலிகளை மூன்று முறை குளிப்பாட்டினார். எலிகள் சளி பிடித்துத் தும்மின. காளான் மேடம் விளைந்த காளானையெல்லாம் அலசி அழுக விட்டுவிட்டு மூடிய அறையில் அழுதுகொண்டிருந்தார். இயக்குநரே தன் அறை விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு இருட்டில் உட்கார்ந்து ஒரே பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. அன்றைக்கே நெற்றியாருக்குப் பாராட்டு விழாவும் சேர்த்து வைத்திருந்தார் இயக்குநர். மேடையில் அவருக்குப் பட்டுத்துணி போர்த்திய நாற்காலி. கூடத்தில் கறுப்புப் பை தொங்காத கழுத்து ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சாதனையைச் சொன்னார்கள். கண்பட்டுவிடும் என்பதால் என்ன சாதனை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மூலை மேடத்தின் முறை வந்தது. முடிவு எங்கே என்று இயக்குநர் கேட்டார்.

"என் கரி ஃபுளோரைடைப் பிடிக்கல சார். திரும்பத் திரும்பச் செஞ்சேன். பிடிக்கல."

அந்த மேடையில் அதுவரை யாரும் தோல்வி என்று ஒன்றை உச்சரித்ததே இல்லை. என்னுடையதும் பிடிக்கவில்லை என்று பின்னாலிருந்து பூட்டு சார் எழுந்து நின்றார். இயக்குநர் இருவரையும் உட்காரச் சொன்னார். இருவரும் உட்காரவில்லை. மேடம் கூட்டத்தைப் பார்த்து, நெற்றியில் பச்சை வெளிச்சம் தெரிகிறது என்று யாருக்கெல்லாம் வாக்குச் சொன்னார், கையைத் தூக்குங்கள் என்றார்.

யாரும் அசையவில்லை. வாக்கு முறிந்துவிடுமே. பூட்டு சார் கரி படிந்த கையை உயர்த்தினார். கொஞ்ச நேரம் அந்த ஒரே கை நின்றது. பிறகு காளான் மேடம் தூக்கினார். அவரிடம் இழப்பதற்குக் காளானும் மிச்சமில்லை. மின்கலக்காரர் தூக்கினார், கட்டுப்போட்ட விரலோடு. அப்புறம் ஒன்று, இரண்டு, வரிசை வரிசையாக. தூக்கிய ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியின் கையைப் பார்த்து விழித்தார்கள். தனக்கென்று வந்த தெய்வ வாக்கு ஊருக்கே வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் இயக்குநரின் கையும் தோள் உயரத்துக்கு எழுந்து, சொறிவதுபோல் பாவனை செய்துவிட்டு இறங்கியது.

"அந்தப் பச்சை வெளிச்சம் நான் அவர்கிட்ட சொன்ன பொய். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது" என்றார் மேடம்.

நெற்றியார் அசரவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவர் அந்தத் தொழிலில் ஒரு மாதம் தாங்க முடியாது. எழுந்து நின்று கைகளை விரித்தார். "பொய்யோ மெய்யோ, மனசுல இருந்தது நெற்றியில தெரிஞ்சுது. இதுவே என் சக்திக்குச் சாட்சி" என்றார். நீங்கள் நம்ப மாட்டீர்கள், முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். இரண்டொருவர் கைதட்டவும் செய்தார்கள். ஏமாறுவதில் ருசி கண்டவர்களை ஓர் ஆதாரத்தால் எழுப்பிவிட முடியாது.

அறை போகப் போகிறது, வேலை போகப் போகிறது, இவர்கள் கைதட்டுகிறார்கள். மேடம் இன்னொரு கேள்வி கேட்டார். வெற்றிச் சுவரில் படம் இருக்கிறவர்கள் உட்கார்ந்திருங்கள், இவர் பலிக்கும் என்று சொல்லிப் பலிக்காமல் போனவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். பச்சை வெளிச்சத்துக்குக் கை தூக்கியதைவிட இது கஷ்டமான காரியம். தான் தோற்றவன் என்று பத்துப் பேர் முன்னால் எழுந்து நிற்பதைவிட ஏமாளி என்று நிற்பது சுலபம்.

மேடமே முதலில் தன்னைச் சுட்டிக் காட்டிக்கொண்டார். பூட்டு சார் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார். எலிக்காரர் எழுந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம் ஓயவே இல்லை. உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சிறிய மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். நின்றவர்களுக்குக் கூடம் போதவில்லை. கைதட்டியவர்களே பாதிப் பேர் நின்றார்கள். மனைவியிடம் சொன்னதால் முறிந்தது என்று நினைத்தேன் என்றார் ஒருவர். நானும்தான் என்றார் இன்னொருவர். நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கும் முறிந்தது என்று ஒரு மூன்றாமவர் சொன்னபோது கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. சுண்டிப் போட்ட காசுகூட இதைவிட ஒழுங்காகக் குறி சொல்லியிருக்கும். ஜெயித்ததை மட்டும் மாட்டி வைத்தால் எந்தச் சுவரும் வெற்றிச் சுவர்தான்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் நெற்றி வேலை செய்யாது என்று நெற்றியார் அறிவித்தார். மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினார். வெளியே போகும்போதும் நடையில் அவசரம் காட்டவில்லை. அந்தக் கலை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பைக்குக் கொடுத்த பணம் என்ன ஆகும் என்று கட்டுப்போட்ட விரல் கேட்டது. கிழிந்த குடைகளின் துணியில் தைத்தது அது என்று காளான் மேடம் தன் பையைப் பிரித்துக் காட்டினார். மடிப்பில் குடைக்கம்பி குத்திய ஓட்டை அப்படியே இருந்தது.

கதை இங்கே முடிந்தால் நமக்கெல்லாம் சுகமாக இருக்கும். மூலை மேடத்துக்கு முடியவில்லை. எதற்காக வரிசையில் நின்றாரோ, அந்தக் கரி இன்னும் கரியாகத்தான் இருந்தது. மோசடியைப் பிடித்தது நல்ல காரியம், ஆனால் முடிவு என்று எதுவும் இல்லையே, அறையைக் காலி செய்யத்தான் வேண்டும் என்று இயக்குநர் விறைப்பாகச் சொன்னார். அவமானப்பட்ட அதிகாரிக்குச் சட்டம் நன்றாக ஞாபகம் வரும்.

மேடமும் பூட்டு சாரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார்கள். எந்த உமி, எவ்வளவு சூடு, எப்படிக் கழுவினோம், எத்தனை தடவை தோற்றோம், அளந்த எண்கள் அத்தனையும். எவரும் காசு கொடுக்காமல் பார்க்கும்படி, யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கும்படி இணையத்தில் போட்டுவிடலாம் என்றார் மேடம். பூட்டு சாரின் கை பழைய பழக்கத்தில் சாவிக்கொத்தைத் தேடியது. யாராவது திருடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"தேதி போட்டு நம்ம பேரோட ஊரறிய இருக்கிறதை எப்படி சார் திருட முடியும்? பெட்டிக்குள்ள பூட்டி வச்சாத்தான் திருட முடியும்."

பூட்டு சார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். போட்டார்கள். சில நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கோ ஓர் ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதினாள். தானும் அந்தக் கட்டுரையை நம்பித் தோற்றவள்தானாம். அந்தப் பெரிய மனிதர் வேலை பார்த்த ஊரில் தான் படித்ததாகவும், அங்கே தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் என்றும் சொல்லியிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் கரியை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?

மேடம் அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தார். பெரிய மனிதரின் கட்டுரையில் "தண்ணீரில் கழுவவும்" என்று மட்டும்தான் இருந்தது. எந்தத் தண்ணீர் என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவுமில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. மேடமும் பூட்டு சாரும் சுத்தக்காரர்கள். காய்ச்சி வடித்த சுத்த நீரில்தான் கழுவியிருந்தார்கள். வருடக்கணக்காக வேலையைக் கெடுத்தது அந்தச் சுத்தம்தான்.

நிலையத்துக் குழாயில் வருவதும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். அன்றே அதில் கழுவினார்கள். ஃபுளோரைடுத் தண்ணீரை ஊற்றினார்கள். கீழே வந்ததை அளந்தார்கள். மேடம் அளவுக் கருவியைப் பூட்டு சார் பக்கம் திருப்பினார். அவர் பார்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். சுண்ணாம்பு ஏறிய கரி ஃபுளோரைடை விடாமல் பிடித்துக்கொண்டது. மேடம் முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அழுதார். கேள்வி கேட்ட பெண் தன் ஊரில் செய்து பார்த்துப் பலிக்கிறது என்று எழுதினாள். இன்னும் இரண்டு ஊர்களிலிருந்து எழுதினார்கள். ஒருவர் சுண்ணாம்பு எவ்வளவு இருந்தால் போதும் என்று கண்டுபிடித்துச் சேர்த்தார். கட்டுரையில் எல்லார் பெயரும் வந்தது. பூட்டு சாரின் பெயரும் இருந்தது. யாரும் எதையும் திருடவில்லை.

சேதி எட்டியதும் இயக்குநர் மூலை அறைக்கே நேரில் வந்தார். அறையைக் காலி செய்ய வேண்டாம் என்றார். பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது பெரிய விஷயம்மா. பத்திரமா வச்சுக்கணும். யார்கிட்டயும் சொல்லலயே?"

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு சார். சொன்னதாலதான் கிடைச்சுது."

இயக்குநரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நெற்றியார் போய்விட்டாலும் அவருக்கு வேண்டிய நெற்றிகள் ஊரில் இன்னும் நிறையவே இருக்கின்றன. நாளைக்கு இன்னொருவர் வேறு பையோடு வருவார். அவரைப் பிடிக்க உங்களுக்கு ஆய்வகமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். யாரிடமும் சொல்லாதே என்று எவனாவது காதில் ஓதினால், முதல் வேலையாக அதை நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். உண்மையாக இருந்தால் அது ஒன்றும் செத்துவிடாது. பொய்யாக இருந்தால், செத்தது அவன் பிழைப்பு மட்டும்தான்.